டொரான்டோவில் குளிர் அதிகம்

தென்காசியில் ஏசி மெக்கானிக்காக இருந்த பால்வண்ணனுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் கனடா போகிற யோகம் வந்தது. மனைவி காந்திமதி நர்ஸ். அவள் பெயரில்தான் குடியேற்ற அனுமதி கிடைத்திருந்தது. எந்த ஊரில் போய் இருப்பது என்பதை மட்டும் அவள் கணவனிடம் விட்டிருந்தாள். மூன்று மாதமாக அவன் அந்த ஒரு வேலையாகவே அலைந்தான். முடிவு மட்டும் வரவில்லை.

அப்படி ஏதாவது முடியாமல் நின்றால் அவன் குற்றாலிங்கத்திடம் போவான்.

பக்கத்து ஊரான இலஞ்சியின் வயல்களுக்கு நடுவே, பம்புசெட் அறையை ஒட்டித் தகரம் இறக்கி, குற்றாலிங்கம் தனியாக இருந்தார். பதினான்கு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஒருநாள் வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து வயலில் உட்கார்ந்தார். ஏன் என்று சொல்லவில்லை. பிறகு ஆட்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஏன் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. பால்வண்ணன் அவரைக் குருவாக வரித்து ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்தான். குருவுக்கு அவனைவிட ஆறு வயது குறைவு. அவன் அவரை ஐயா என்பான். அவர் அவனை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு நோட்டோடு போனான்.

"எந்த ஊருக்குப் போறதுன்னு நீங்கதான் சொல்லணும் ஐயா."

"நான் மதுரையைத் தாண்டினதில்ல அண்ணாச்சி. நோட்டைக் கொடுங்க, பார்ப்போம்."

ஆறு ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் வாடகை, வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம், நம் ஆட்கள் இருக்கிறார்களா, கோயில் உண்டா, குளிர் எவ்வளவு என்று கட்டம் கட்டி எழுதியிருந்தான். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. குற்றாலிங்கம் ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரே ஒரு ஊர் அடிக்கப்பட்டிருந்தது. பேனா அழுத்திய இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"டொரான்டோவை ஏன் அடிச்சீங்க? வேலை இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, நம்ம ஆளுகளும் நிறையன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"அங்க குளிர் அதிகம் ஐயா."

குருவின் விரல் இரண்டு வரி கீழே இறங்கியது.

"வின்னிபெக். இதை அடிக்கல. இங்க குளிர் எவ்வளவு?"

"மைனஸ் முப்பது வரைக்கும் போகும்."

"டொரான்டோவில?"

தன் நோட்டைத் தானே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. "மைனஸ் பதினஞ்சு."

குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்க யாரு இருக்கா?"

"தம்பி. சிற்றம்பலம்." கூடவே, எல்லாரிடமும் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னான். "அப்பா சாவுக்கு வராதவன்."

"வண்டி ஓட்டும்போது ஆளை ஏத்தினதும் கேட்பேன், எந்த ஆஸ்பத்திரின்னு," என்றார் குரு. "சில பேரு, 'பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், தூரம்'பாங்க. சொல்லிட்டு அதைவிடத் தூரமான ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லுவாங்க. நான் ஏன்னு கேட்டதில்ல. உயிரு ஊசலாடும்போது கேட்கக் கூடாது. சொன்ன இடத்துக்கு ஓட்டிட்டேன்."

பால்வண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டொரான்டோவில இம்புட்டுக் குளிருன்னு யாரு சொன்னா?"

"நெட்ல பார்த்தேன்."

"அங்க இருக்கிறவங்ககிட்ட கேளுங்க."

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார். அவர் திரும்பி வருவார் என்று அரைமணி நேரம் காத்திருந்தான். அவர் வரப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் காந்திமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சிற்றம்பலம் நம்பர் கிடைக்குமா? யாருகிட்டயாவது கேட்டு வாங்கணும்."

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள்.

"நீ பேசிட்டா இருக்க?"

"பொங்கலுக்கும் தீபாவளிக்கும். நீங்க கோவிச்சுக்கிட்டா பிள்ளைக்குச் சித்தப்பா இல்லாம போயிருமா?"

போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான். பொழுது இன்னும் சாயவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காய்ந்தது. பேர் திரையில் இருந்தது. தொட்டால் போதும்.

ஏழு வருடத்துக்கு முன் அப்பா போனது ஒரு விடியற்காலம். படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டியது பால்வண்ணன்தான். தம்பி போனில் நலம் விசாரித்ததோடு சரி. சேதி கேட்டதும் சிற்றம்பலம் அழுதபடி சொன்னான்: "டிக்கெட் கிடைச்சிருச்சுண்ணே. ஒருநாள் வச்சிருங்க. ஓடி வந்துருவேன்." பால்வண்ணன் சரி என்றுதான் சொன்னான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த நான்கு வருடமும் மொத்தமாக நெஞ்சில் ஏறியது. நாள் தாங்காது என்று சொந்தக்காரர்களிடம் சொன்னான். மத்தியானமே எடுத்துவிட்டார்கள். தம்பி துபாயில் இறங்கிப் போனைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கிருந்தே திரும்பிவிட்டான். ஊரில் அவன் வரவில்லை என்று பேச்சானது. பால்வண்ணன் அதைத் திருத்தவில்லை. சில நாளில் தானே சொல்லவும் தொடங்கினான்.

தொட்டான்.

"மதினி, சொல்லுங்க."

"நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணனா?"

"ம். அங்க... குளிரு எப்படிடா?"

சிற்றம்பலம் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நவம்பர்ல ஆரம்பிக்கும். ஏப்ரல் வரைக்கும் இருக்கும். ஊர்ல கோட்டு எதுவும் வாங்க வேண்டாம், இந்தக் குளிருக்கு அது தாங்காது. மதினி விவரம் சொன்னாங்க. இங்க வந்து வாங்கிக்கலாம்."

"சரி."

"வேற?"

பால்வண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு ஃப்ரீசர் பெட்டி இருந்துச்சுடா. வாசல் வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

"தெரியும்ணே."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தென்காசியில அந்தப் பெட்டி எல்லாத்தையும் ரிப்பேர் பண்றது நீதான. உனக்கா பெட்டி கிடைக்காது?"

கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"ஏர்போர்ட்டுக்கு வாரேன்," என்றான் தம்பி கடைசியில். "மதினியும் பிள்ளையும் வாராங்க, வராம இருக்க மாட்டேன். வீட்டுக்குக் கூப்பிடுவேனான்னு தெரியலண்ணே. இப்ப சொல்லத் தெரியல."

அடுத்த ஞாயிறு வரை பால்வண்ணனால் காத்திருக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே வயலுக்குப் போனான். குற்றாலிங்கம் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். இவனும் ஒரு பாத்தியில் இறங்கிக் கூடவே பறித்தான். பறித்துக்கொண்டே, தம்பி ஒருநாள் கேட்டதிலிருந்து, பெட்டியைத் திருப்பி அனுப்பியது வரை எல்லாவற்றையும் சொன்னான். ஆறு வருடத்தில் அவரிடம் சொல்லாதது அது ஒன்றுதான்.

"ஏழு வருஷமா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு ஐயா. யாருகிட்டயும் சொல்லல. வரலன்னு ஊரு சொன்னதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கான்."

"ம்."

"இப்பதான் எனக்கு ஒண்ணுமே விளங்கல. டொரான்டோவில போய் இருந்தா தினம் அவன் முகத்தைப் பார்க்கணும். வேற ஊருக்குப் போனா, மறுபடியும் அவனைத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். எந்த ஊருக்குத்தான் போக?"

குற்றாலிங்கம் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வின்னிபெக்குக்கு இங்கேருந்து நேரா விமானம் உண்டா?"

"இல்ல. டொரான்டோவில இறங்கி மாறணும்."

"நடுவில எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரத்துல வேற விமானம் இருக்கு."

"அதுல ஏற வேண்டாம். மறுநாள் விமானத்துக்குப் போடுங்க. ஊரை அதுக்கப்புறம் பார்ப்போம்."

பால்வண்ணன் கையிலிருந்த காய்களைக் கூடையில் போட்டான். விரல்களில் சுணை அரித்தது.

"அந்த ஒருநாள் பூரா உட்கார்ந்திருந்தும் அவன் வீட்டுக்குக் கூப்பிடலைன்னா?"

"அவரு கேட்டதும் ஒருநாள்தான அண்ணாச்சி."