ஓரம் பிரிச்ச எலி

ஒரே ஒரு ஊர்ல, ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு தையல் மிஷின் இருந்துச்சாம். ஒண்ணு மூத்த மருமக பவளத்தோடது, இன்னொண்ணு இளைய மருமக சிட்டுவோடது. ரெண்டும் விடிஞ்சா கடகடகடன்னு ஓடும். எங்க, ம் கொட்டு. ஆங்.

அப்போ அந்த வீட்டுப் பொண்ணுக்குக் குழந்தை பொறந்துச்சு. மாமியார் சொன்னாங்க, "ஆளுக்கு ஒரு ஒட்டுப்போர்வை தைங்கடி. எது நல்லாருக்கோ அதுல சுத்தித்தான் என் பேரனை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வருவேன்."

பவளத்துக்கு வயிறு திகுதிகுன்னு எரிஞ்சுது. வீட்டுக்கு முதல்ல வந்தவ அவ. ஆனா சிட்டு வந்த நாள்ல இருந்து ரசமா, சிட்டு ரசம்தான். கோலமா, சிட்டு கோலம்தான். போர்வையாவது என்னுதா இருக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டா.

துண்டுத் துணியெல்லாம் சேத்து, நடுவுல பஞ்சு வெச்சுத் தச்சாச்சு. அப்புறம் பஞ்சு எட்டிப் பாக்காம இருக்க, சுத்திலும் ஓரப்பட்டி வெக்கணும்ல? அங்கதான் மாட்டிக்கிட்டா.

முதல்ல பட்டியை இழுத்து இழுத்துப் பிடிச்சுத் தச்சா. போர்வை சுருண்டுக்கிச்சு, எண்ணெயில போட்ட அப்பளமாட்டம். சர்ர்ருன்னு பிரிச்சா. பிரிச்ச நூலை வீணாக்க மாட்டா, ஈர்க்குச்சியில சுத்தி வெச்சுக்குவா. அப்புறம் தளத்தித் தச்சா. மூலையில திரும்பினதும் குண்டா ஒரு கொழுக்கட்டை! பிரிச்சா, சுத்துனா. அப்புறம் மூலையை அமுக்கி அமுக்கித் தச்சுச் சுத்தி வந்தா, பட்டியோட ரெண்டு முனையும் சேர ஒரு சாண் பத்தல!

அந்தப் பக்கம் சிட்டுவோட மிஷின் டக்குனு நின்னுச்சு. தச்சு முடிச்சுட்டு அவ குளிக்கப் போயிட்டா.

பவளம் மெள்ள எட்டிப் பாத்தா. ஓரம் அப்படி நேரா இருக்கு, மூலை அப்படிக் கூரா இருக்கு. ஐயோ, தாங்கல அவளுக்கு! ஊசியால நெண்டி நெண்டி, டிக் டிக்னு ஒரு மூலையைப் பிரிச்சே புட்டா. பிரிக்கும்போதுதான் தெரியுது, சிட்டு மூலைக்குக் கொஞ்சம் முன்னாடியே தையலை நிறுத்தியிருக்கா. பட்டியை மேல மடிச்சு, அப்புறம் கீழ மடிச்சு, அங்கேருந்து மறுபடி தச்சிருக்கா. "அட, இவ்வளவுதானா!"

கேக்குறியா? ம்.

சிட்டு வந்து பாத்தா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"எலி கடிச்சிருக்கும்டி" அப்படின்னா பவளம்.

அப்போ வாசல்ல ஆட்டோ பீப் பீப்! "எங்கடி போர்வை?"ன்னு மாமியார் குரல். சிட்டு அவசர அவசரமா ஊசியில நூல் கோக்குறா, கோக்கவே வரல. அதைப் பாத்ததும் பவளத்துக்கு என்னமோ ஆயிடுச்சு. "நகருடி"ன்னு உக்காந்தா. மேல மடிச்சா, கீழ மடிச்சா, தச்சா. மூலை ஜம்முனு கூரா நின்னுச்சு.

மாமியார் உள்ள வந்து சிட்டுவோட போர்வையைத் தடவிக்கிட்டே வந்தாங்க. அந்த மூலையில கை நின்னுச்சு. "இது மூலை! சிட்டு, உன் கையே கைதான்டி!"

பவளத்துக்கு மறுபடியும் திகுதிகு.

"அந்த மூலை அக்கா தச்சது அத்தை" அப்படின்னா சிட்டு.

"அப்படியா! பவளம், நீயும் ஆட்டோவுல ஏறு. போர்வையை நீதான் பிடிச்சுக்கணும்."

பவளம் ஆட்டோவுக்குப் போகல. சிட்டு காதுல போய், "பிரிச்சதும் நான்தான்டி"ன்னு சொல்லி அழுதுட்டா.

"தெரியும்க்கா."

"எப்படி?"

சிட்டு தன் மிஷின் மேல கையைக் காட்டினா. அங்க ஒரு ஈர்க்குச்சி, அதுல நூல் அழகா சுத்தியிருக்கு.

"ஏன்க்கா, எந்த ஊர் எலி நூலைச் சுத்தி வெச்சுட்டுப் போகும்?"

சிரிக்காத, வந்த தூக்கம் ஓடிடும். ஓரம் தச்சாச்சு, முடிச்சும் போட்டாச்சு, நூலையும் அறுத்தாச்சு. போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கு.