வக்கீல் தாண்டவராயன் கவுனைக் கழற்றிய கதை

கோர்ட்டு வாசல் புங்கமரத்தடியில் டைப் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள் பிலோமினா. வக்கீல் தாண்டவராயனின் மனுவை அடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"சார், எதிர்தரப்பு வாதத்தை 'ரிஃப்யூட்' பண்ணினதா எழுதியிருக்கீங்க. 'ரிபட்'னு போட்டாத்தான் சரியா இருக்கும்."

வக்கீலுக்கு மீசை துடித்தது. சுற்றிலும் கட்சிக்காரர்கள் கூட்டம் வேறு.

"எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்கே இங்கிலீஷா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு இவங்க எல்லாருக்கும் புரியறாப்பல சொல்லு. சொல்லலேன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டு!"

பிலோமினா நிதானமாகப் பேப்பரைச் சரிசெய்தாள். "சார், உங்க கவுன் முதுகுல கிழிஞ்சிருக்கு."

"கிழிஞ்சிருக்கா? மெட்ராஸ்ல தைச்சது! ஒரு மாசம்கூட ஆகலை! என் கவுனாவது, கிழியறதாவது!" என்று வக்கீல் பொரிந்து தள்ளினார்.

"இதுதான் சார் ரிபட். நான் சொன்னதை எதிர்த்துப் பேசினீங்க. உங்க மனுவுலயும் பேச்சுதான் இருக்கு, ஆதாரம் இல்லை. இப்ப கவுனைக் கழற்றிக் காட்டி, நான் சொன்னது பொய்னு நிரூபிச்சா, அது ரிஃப்யூட்."

"நிரூபிக்கிறேன் பார்!" என்று வக்கீல் ஆவேசமாகக் கவுனைக் கழற்றி, உதறி, விரித்துப் பிடித்தார்.

நடு முதுகில், நாற்காலி ஆணி இழுத்த ஒரு சாண் கிழிசல். அதன் வழியே பிலோமினாவின் முகம் தெரிந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வக்கீல் கவுனைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ரிபட்னே அடிம்மா."