சிவப்புத் துணி ஆடும் வீடு

கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, இப்போது பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில், அந்த நாட்களில் ஓட்டுக் கூரையோடு ஒரு பாலர் பள்ளி இருந்தது. உலகம்மாள் டீச்சர் அதை நடத்தினார். ரயில் கடக்கும்போது பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். ரயில் போனதும், யாரும் சொல்லாமலே, விட்ட சொல்லிலிருந்து பாடுவார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் தமயந்தி. பெரிய பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகள் எடுத்தவர். சின்னப் பிள்ளைகளோடு இருக்க ஆசைப்பட்டு அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வயதில் அவர்தான் மூத்தவர். அதனால் உலகம்மாள் அவரை அக்கா என்றார். அவர் உலகம்மாளை டீச்சர் என்றார்.

ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, தமயந்தி கேட்டார்.

"ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னு எப்போ முடிவு பண்ணலாம், டீச்சர்?"

"யாரைச் சொல்லுதீங்க?"

கோமதியைத்தான். நாலு வயதுப் பிள்ளை. அத்தை ஒருத்தி கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அன்றைக்கே சிவகாசி பஸ் ஏறிவிட்டாள். தினமும் பக்கத்து வீட்டுப் பெண்தான் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவந்து விடுவாள். அம்மா அப்பாவை இருவருமே பார்த்ததில்லை.

தமயந்தி மனதில் இருந்ததையெல்லாம் சொன்னார். வந்ததிலிருந்து கோமதி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பயமுறுத்துகிறாள். எக்கி நின்று லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறாள், அதட்டினால் சிரிக்கிறாள். இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று மதுரையில் இருக்கிறது. ஓர் இடம் காலியாகியிருக்கிறது. அப்பாவை வரச்சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டால் திங்கட்கிழமையே அனுப்பிவிடலாம்.

"வீட்டுக்கு எப்போ விடுவாங்க?"

"முழுப் பரீட்சை லீவுக்கு."

உலகம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்பாவை அலையவிடுவானேன், நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்றார்.

வழியில் கடலைமிட்டாய் காய்ச்சும் வாசனை வந்தது. தமயந்தி தன் கேள்விக்குப் பதில் வரவில்லையே என்றார்.

"எங்க வீடு சங்கரன்கோவில்ல தறிக்காரத் தெரு" என்றார் உலகம்மாள். "தெரு முழுக்க விசைத்தறி. எங்கம்மா சோறு திங்கக் கூப்பிட்டா, சண்டைக்குக் கூப்பிடுத மாதிரி இருக்கும். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன மொத நாள், எதிர்ல இருந்த பிள்ளைகிட்ட உப்பு குடுன்னு கேட்டேன். அவ அழுதுட்டா."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. "அப்புறம்?"

"கோவக்காரின்னு பேரு வச்சாங்க. மெதுவாப் பேசப் பழகினேன். லீவுக்கு வீட்டுக்குப் போனா, நான் பேசுதது அம்மாவுக்குக் கேக்கல. காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா."

அந்த அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

கோமதியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தமயந்தி தட்டினார். கூப்பிட்டுப் பார்த்தார். இன்னும் பலமாகத் தட்டினார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

எதிர் வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "விடிய விடியத் தட்டுங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேக்காது. அந்தக் கயித்தை இழுங்க."

ஜன்னல் கம்பி வழியே ஒரு கயிறு வெளியே தொங்கியது. உலகம்மாள் இழுத்தார். உள்ளே உத்தரத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணி ஆடியது. மெஷின் நின்றது.

கதவைத் திறந்தவருக்கு இவர்கள் யாரென்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஓடிவந்த கோமதி, அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டித் தன்னைப் பார்க்கவைத்தாள். பிறகு அவள் விரல்கள் எழுதின, அடுக்கின, கைதட்டிப் பாட்டுப் பாடுவதுபோல் ஆடின. அவர் முகம் மலர்ந்து கும்பிட்டார். அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட சுவிட்சைத் தட்டினார். அங்கே விளக்கு மின்னியது. அவள் வந்தாள்.

தமயந்தி சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

காபி வேண்டாம், இப்போதுதான் குடித்தோம் என்று உலகம்மாள் கோமதியிடம் சொன்னார். கோமதி அதைக் கைகளால் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா பதில் சொன்னாள். கோமதி திரும்பி, இல்லாத டம்ளர் ஒன்றை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்துக் காட்டினாள். தப்பிக்க முடியாது என்று உலகம்மாள் சிரித்தார்.

டம்ளர் எடுக்க ஓடிய கோமதி நிலைப்படியில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். வாய் திறந்தது. கண்ணீர் கொட்டியது. சத்தம் வரவில்லை. எழுந்து, அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய், அவள் முகத்துக்கு முன்னால் நின்றாள். அம்மா பார்த்தாள். வாரித் தூக்கிக்கொண்டாள்.

தமயந்தி மெல்லச் சொன்னார்: போன வாரம் ஊஞ்சலிலிருந்து விழுந்தபோதும் இப்படித்தான் என் முன்னால் வந்து நின்றாள். சத்தமில்லாமல் என்ன அழுகை, நடிக்கிறாயா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காபி வந்தது. கோமதியின் அப்பா மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு தேடி வந்திருக்கிறார்களே என்ற பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. இருவரையும் காட்டி, உள்ளங்கையை விரித்து, புருவத்தை உயர்த்தினார்.

கோமதி அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கும் தமயந்திக்கும் நடுவில் வந்து நின்றாள். கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, தமயந்தியின் வாயையே பார்த்தாள்.

"டீச்சர்" என்றார் தமயந்தி. உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு வந்தோம்னு அவரு கேக்காரு, அக்கா" என்றார் உலகம்மாள். "கோமதிகிட்ட சொல்லுங்க. அவ சொல்லிருவா."