நான் சொல்வதைச் செய்

எஸ்தரை அந்த மையத்தில் எல்லோரும் குரு என்றுதான் அழைத்தார்கள். பாதி கிண்டல். எதைக் கேட்டாலும் அவள் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். அதனால் வந்த பெயர்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் நடந்த கணினிப் பயிற்சி மையம் அது. எல்லாக் கணினியிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். மூலையில் இருந்த பெரிய கணினியை நம்பியே மற்றவை ஓடின. அது நின்றால் வகுப்பும் நின்றுவிடும்.

அதன் பாஸ்வேர்டை அன்று காலையில்தான் எஸ்தர், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இசக்கிராஜிடம் சொல்லியிருந்தாள். அவனைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவள். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அவனை நம்பி ஒருவர் ஒன்றைக் கையில் கொடுத்ததும் அதுவே முதல் தடவை.

"மதிய வகுப்புக்குத் தமிழ் டைப்பிங் பழகுற மென்பொருள் வேணும். போட்டு வைக்கியா?"

"போட்டுருதேன்க்கா."

"முன்ன போட்டிருக்கியா?"

"ம்," என்றான். போட்டதில்லை.

மதியம் எஸ்தர் படியேறி வந்தபோது எல்லாத் திரைகளும் கறுத்துக் கிடந்தன. டைப்பிங் பழக வந்த பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தையல்கடை செல்வராணிதான் முதலில் பேசினாள்.

"குருவே, உங்க சிஷ்யப்பிள்ளை கைய வச்சாரு. கரண்டு இருக்கு, கம்ப்யூட்டரத்தான் காணோம்."

சிரித்தார்கள். இசக்கிராஜுக்குக் காது மடல் சுட்டது.

"எல்லாரும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள் எஸ்தர். அவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தெரியலக்கா. தானா போயிட்டு."

"அது தானா ஒண்ணும் செய்யாது. கேட்டுட்டுத்தான் செய்யும். உன்கிட்ட என்ன கேட்டுச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். பொய்யைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று தோன்றியது. நிற்க முடியவில்லை.

"ஏதோ ஒரு வெப்சைட்ல இருந்த கட்டளை வரிய எடுத்து ஒட்டுனேன். பக்கம் பக்கமா ஓடுச்சு. எதையெல்லாமோ அழிச்சுருவேன்னு சொல்லிச்சு. வேணும்னா ஒரு வாக்கியத்த முழுசா அடின்னு கேட்டுச்சு."

"என்ன வாக்கியம்?"

"'ஆமாம், நான் சொல்வதைச் செய்'னு. இங்கிலீஷ்ல."

"அடிச்சியா?"

"கடைசியில ஒரு ஆச்சரியக்குறி இருந்துச்சு. அத விட்டுட்டேன். ஏத்துக்கிடல. நிறுத்திட்டு."

"தப்பிச்சயே. அப்புறம்?"

"திரும்ப ஆரம்பிச்சு, குறியோட அடிச்சேன்."

சொல்லும்போதே அவனுக்கு உடம்பு கூசியது. கல்லூரியில் எல்லாப் பாடமும் இங்கிலீஷில் நடந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டவுடன் முதலில் ஆடும் தலை அவனுடையதுதான். இல்லை என்று சொன்னால் அறுபது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்று வருடம் ஆடிய தலை. அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் தானாகவே ஆடியது. இன்று கேட்டது ஒரு இயந்திரம். அறையில் யாருமே இல்லை. அப்போதும் ஆமாம் என்றுதான் சொன்னான்.

எஸ்தர் ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் அந்தக் கம்ப்யூட்டர்னு வச்சுக்க. எனக்கும் சொல்லு."

"எதக்கா?"

"அதுக்கிட்ட சொன்னதத்தான்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நான்... நான் சொல்றதச் செய்யுங்க."

"சரி, செய்றேன். நீ என்ன சொல்ற?"

அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

"பாஸ்வேர்ட மாத்திருங்கக்கா," என்றான்.

அவள் எழுந்து போய்ப் பெரிய கணினியின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாள். போனதையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் வரி. கணினி பாஸ்வேர்ட் கேட்டது. அவள் எழுந்து இடம் விட்டாள்.

"உக்காரு. அடி."

"எத அடிக்க?"

"காலையில சொன்னதத்தான். நான் ஒண்ணும் மாத்தலையே."

அடித்தான். திரையில் திரும்ப ஏறப்போகும் மென்பொருள்களின் பெயர்கள் மளமளவென்று இறங்கி நின்றன. கீழே ஒரு கேள்வி: தொடரலாமா, வேண்டாமா?

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் விரல் அதுபாட்டுக்கு ஆமாம் என்பதற்கான எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

செல்வராணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "என்ன சார், சரியாயிட்டா?"

ஆயிட்டு என்பது நுனிநாக்கு வரை வந்தது. அவன் விரலை எடுத்தான்.

"இல்லக்கா," என்றான் அவளிடம். பிறகு எஸ்தர் பக்கம் திரும்பினான். எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னான். "இதுல ரெண்டு வரி எனக்குப் புரியல."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எஸ்தர் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"இப்பத்தான் நீ ஒண்ணு சொல்லியிருக்க," என்றாள். "எந்த வரி?"