ராஜா தலையில் எண்ணிய தண்ணீர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பால் அளக்கிற படி ஒன்றின் அடி நசுங்கியிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். அளவு என்றாலே ஏமாற்று என்று அவருக்குத் தோன்றிவிட்டது. படி, உழக்கு, குடம் எல்லாவற்றையும் களஞ்சியத்தில் பூட்டச் சொன்னார். தேங்காயை எண்ணுகிறோம், மாட்டை எண்ணுகிறோம். பாலையும் தண்ணீரையும் எண்ணினால் என்ன என்பது அவர் கட்சி.

அமைச்சர் மாதவராயருக்கு அரண்மனை விகடன் வெள்ளியப்பனைக் கண்டால் ஆகாது. எண்ணும் வேலையை அவனுக்கே கொடுக்கலாம் என்றார். எண்ணாமல் விட்டாலும் சரி, பூட்டிய பாத்திரத்தை எடுத்தாலும் சரி, அப்படிச் செய்தவர் எல்லை தாண்டிப் போக வேண்டும் என்றும் விதி போடவைத்தார். வெள்ளியப்பன் மனைவி அன்றே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமை வரை பொறு என்று அவன் தடுத்தான்.

சனிக்கிழமை ராஜாவுக்கு எண்ணெய் முழுக்கு. வெள்ளியப்பன் விரலால் துளித்துளியாக எண்ணி எண்ணெய் வைத்து முடிக்கவே உச்சிவேளை ஆகிவிட்டது. சீயக்காய்த் தூளை எப்படி எண்ணுவாய் என்று மாதவராயர் மடக்கினார். அரைக்கும் முன்பே எண்ணியாயிற்று, ஏழு காய் என்று சொல்லித் தேய்த்துவிட்டான். பிறகு தொட்டித் தண்ணீரில் மாவிலையை நனைத்து, ராஜா தலையில் சொட்டவிட்டான்.

"ஒன்று... இரண்டு..."

"கண் எரிகிறது வெள்ளியப்பா. சீக்கிரம் ஊற்று."

"ஊற்றினால் எண்ண முடியாதே பிரபு. எண்ணாவிட்டால் நான் ஊரைவிட்டுப் போகணும். மூன்று..."

"மாதவராயரே, நின்று என்ன வேடிக்கை பார்க்கிறீர்? ஒரு குடம் தண்ணீர் கொண்டுவாரும்."

மாதவராயர் ஓடிப்போய்க் களஞ்சியத்தைத் திறந்து குடத்தை எடுத்துவந்து, மொண்டு ஊற்றினார். வெள்ளியப்பன் உரக்க, "ஒன்று" என்றான்.

"எது ஒன்று?" என்றார் ராஜா, முகத்தை வழித்துக்கொண்டே.

"தாங்கள் கேட்ட குடம் பிரபு. தண்ணீர் என் எண்ணிக்கைக்கு அடங்கவில்லை, குடம் அடங்கிவிட்டது. நசுங்கின படியைத் தட்டி நிமிர்த்தினால் போதும். ஆனால் பாத்திரம் எடுத்தவர் எல்லை தாண்டணுமாம். அமைச்சர் போட்ட விதி."

மாதவராயர் கையிலிருந்த குடத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைக் கண்டு ராஜா சிரித்துவிட்டார். விதி அன்றே ஒழிந்தது, களஞ்சியமும் திறந்தது.

"உனக்குத் தேன் பரிசு," என்றார் ராஜா. "எத்தனை தேன் வேண்டும், சொல்."

"எத்தனை குடம் என்று கேளுங்கள் பிரபு. இல்லாவிட்டால் நான் தேனீயைத்தான் எண்ணணும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இரண்டு குடம் என்றார். தூக்கிக்கொண்டு போய் வெள்ளியப்பன் வீட்டில் இறக்கியவர் மாதவராயர்.