ஊர்ச்சனம் சாப்பிடும் இடம்

"ரீச்சர், இந்த ஊர்ச்சனம் மத்தியானம் எங்கை சாப்பிடுது?"

கேட்டவர் யோகநாயகம். வயது ஐம்பத்து நாலு. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறார். சுற்றுலா வந்தவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் அவருடைய வேலை. அப்படிப்பட்டவர் கேட்கிற கேள்வியா இது?

கேட்டது சுகிர்தாவிடம். அவரைவிடப் பத்து வயது இளையவள். சிறுமியாக வந்து இங்கேயே படித்தவள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய புதிதில், தேவாலய மண்டபத்தில் வைத்து அவருக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுத்தவள். இப்போது சந்தை முகப்பில் கடலைமாவைக் களியாகக் கிண்டி, தகடாக வெட்டி, பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்து விற்கிறாள்.

அவருக்கு அவள் இன்றைக்கும் ரீச்சர்தான்.

"என்னண்ணை, முகம் செத்துக் கிடக்கு?"

"அலுத்துப்போச்சு ரீச்சர்." அவர் கடையோரம் கிடந்த பெட்டியில் உட்கார்ந்தார். "வாற எல்லாருக்கும் ஒரே கதைதான். ஊர்க்காரர் சாப்பிடுற கடையைக் காட்டு, ஊர்க்காரர் சாப்பிடுற கடையைக் காட்டு. நானும் காட்டுறன். போன கிழமை ஒருத்தர் கொம்பனிக்கு எழுதிப்போட்டார்."

"என்னவாம்?"

"கூட்டிக்கொண்டு போறவரே வெளிநாட்டு ஆள், அவருக்கு என்ன தெரியும் எண்டு."

சுகிர்தா எண்ணெயில் மிதந்ததைத் திருப்பிப் போட்டாள்.

"சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ளை ஒரு நல்ல ஊர்க்கடை பிடிக்கோணுமாம். இல்லாட்டி எனக்குப் பதில் வேறை ஆளாம்."

அன்று வியாழன்.

"ஒரு மணிக்கு ஆரும் ஊர்க்காரரைப் பாருங்கோ," என்றாள். "அவருக்குப் பின்னாலை போங்கோ."

அவ்வளவுதான். அடுத்த ஆளுக்குப் பாண் வெட்டத் தொடங்கிவிட்டாள்.

தோல்பையோடு போன ஒரு வக்கீலைப் பிடித்தார் யோகநாயகம். நாலு சந்து தாண்டி, அந்த மனிதர் ஒரு வீட்டின் மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மேலேயிருந்து உள்ளி வதங்குகிற வாசம் வந்தது.

திரும்பி வந்தார்.

"அவர் வீட்டிலை சாப்பிடுறார் ரீச்சர்!"

"வீடு இருக்கிறவர் வேறை எங்கை சாப்பிடுறது? நாளைக்கும் போங்கோ."

வெள்ளிக்கிழமை ஒரு மீன்காரர். அவர் வழியில் கண்டவர்களோடெல்லாம் நின்று கதைத்தார். கதைத்து முடித்து, தன் மூன்று சக்கர வண்டிக்குள் ஏறி, காகிதத்தில் சுற்றியிருந்த பாணைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார்.

யோகநாயகத்துக்கு முழங்கால் விண்ணென்று வலித்தது. இந்த வயதில், முன்பின் தெரியாதவன் பின்னால் நாய்க்குட்டி மாதிரி அலைகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இருபத்தைந்து வருஷம் நடந்த தெருக்கள். ஒன்றுகூடத் தன்னுடையதில்லை என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மறுபடி கடைக்கு வந்தார்.

"இனி என்னாலை ஏலாது ரீச்சர். வேலை போனால் போகட்டும். பசிக்குது. நான் சாப்பிடப் போறன்."

"போய் வாங்கோ."

விறுவிறுவென்று நடந்தார். எங்கே போவது என்று யோசிக்கவில்லை; கால்களுக்குத் தெரியும். துணி காயும் ஒரு சந்தின் முடிவில், பெயர்ப்பலகை இல்லாத கதவு. உள்ளே ஐந்து மேசை, விரிப்புக்கூட இல்லை. பதினெட்டு வருஷமாக அவர் சாப்பிடும் இடம். சுற்றுலாக்காரர் ஒருவரையும் அங்கே கூட்டிவந்ததில்லை. தான் சாப்பிடும் இடத்தை அவர் ஒரு கடையாகவே எண்ணியதில்லை.

கடைக்காரர் கார்மெலோ என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பருப்புப் போட்ட பாஸ்தாவைக் கொண்டுவந்து டங்கென்று வைத்தார்.

"இரண்டு நாளாக எங்கே போய்த் தொலைந்தாய்? உனக்கென்று எடுத்து வைத்தது ஆறி அவலாய்ப் போச்சு."

"வேலை," என்றார் யோகநாயகம். அதற்குமேல் சொல்ல அலுப்பாக இருந்தது.

முதல் வாய் வைப்பதற்குள் கதவு திறந்தது. தலை நரைத்த கணவனும் மனைவியும். கழுத்தில் கமரா. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வந்தவர்கள் கடையைப் பார்க்கவில்லை, நேரே அவரைப் பார்த்தார்கள்.

"மன்னிக்கவேண்டும்," என்றார் கணவர். "நீங்கள் நல்ல வேகமாக நடக்கிறீர்கள்."

"என் பின்னாலா வந்தீர்கள்?"

"சந்தையில் பொரித்து விற்கும் பெண்ணிடம், இந்த ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்டோம்," என்றாள் மனைவி. "அவள் உங்கள் முதுகைக் காட்டினாள்."