பவளம் வெளியே வரவில்லை

“கதவைத் திறந்து வச்சு ரெண்டு நாளாச்சு சாமியம்மா. வெளிய வர மாட்டேங்குது.”

சாமியம்மா தண்ணீர்க் குழாயில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். மலைக்குரங்குகள் கடித்துவைத்த ஓட்டை.

“யாரு?”

“பவளம்தான்.”

“நான் நீங்களோன்னு நினைச்சேன்.”

சபாபதி சிரிக்கவில்லை.

அவர் நகரத்தில் மூளை ஆராய்ச்சிப் பேராசிரியர். சாமியம்மாவைவிட வயதில் மூத்தவர். கோடைதோறும் இந்த மலை மடத்துக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார். தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வார். சாமியம்மா அப்படிச் சொன்னதில்லை.

இந்த முறை கேள்வியோடு ஒரு குரங்கையும் கொண்டுவந்திருந்தார்.

அவருடைய ஆராய்ச்சி முழுவதும் பவளத்தை வைத்துத்தான் நடந்தது. இப்போது ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதன் மண்டையில் பதித்திருந்த கம்பிகளை எடுத்தாயிற்று. உச்சியில் மயிர் முளைக்காத ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

“நாளைக்கு வனத்துறை ரேஞ்சர் வர்றார். தானா வெளிய வந்து, தானா எடுத்துத் தின்னா, இங்கயே இருக்கட்டும்னு சொல்லியிருக்கார்.”

“இல்லேன்னா?”

“திருப்பிக் கொண்டுபோகணும். அங்க இனிமே அதுக்கு வேலை இல்ல. ஊசி போட்டு முடிச்சிடுவாங்க.”

“யாரு சொல்லிப் போடுவாங்க?”

“நான்தான் கையெழுத்துப் போடணும்.”

“குழாயைக் கொஞ்சம் பிடிங்க,” என்றார் சாமியம்மா.

பிடித்தார்.

“அங்க அது என்ன செய்யும்?”

“நாற்காலியில உட்கார்ந்திருக்கும். எதிர்ல திரை. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு புள்ளி மின்னி மறையும். எந்தப் பக்கம்னு ஞாபகம் வச்சுக்கணும். உடனே கை நீட்டக் கூடாது. பச்சை விளக்கு வர்ற வரைக்கும் பொறுக்கணும். அப்புறம் சரியான இடத்தைத் தொட்டா பழச்சாறு.”

“அவசரப்பட்டு நீட்டினா?”

“சாறு கிடையாது.”

“விளக்கு வர்ற வரைக்கும் நீங்க?”

“பார்த்துக்கிட்டிருப்பேன்.” சபாபதியின் குரலில் சூடு ஏறியது. “அது சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். உள்ள அப்படி இல்ல. பார்த்த பக்கத்தை மூளையில ஒரு இடம் கெட்டியா பிடிச்சு வச்சிருக்கும். கையை அசைக்கிற இடம் முன்கூட்டியே தயாராகும். என் திரையில கோடு எழும்பும். அது எந்தப் பக்கம் போகப்போகுதுன்னு, கை கிளம்பறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்.”

“கெட்டிக்காரர்தான்.”

“அங்கதான் சாமியம்மா என் கேள்வி. எனக்கு முன்னாடியே தெரியுதுன்னா, முடிவு பண்ணினது யாரு? அதுவா, அந்தக் கோடா? என் மண்டையைத் திறந்து பார்த்தாலும் இதேதானே இருக்கும்? அப்போ நடுவுல நான்னு ஒருத்தன் எதுக்கு?”

“ஆட்டாதீங்க. துணி நழுவுது.”

*

கூண்டு நாவல் மரத்தடியில் இருந்தது. திறந்த கதவுக்கு வெளியே, இடப்பக்கம் ஒரு கொய்யா, வலப்பக்கம் ஒரு கொய்யா.

பவளம் பின்சுவரை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கைகள் இரண்டும் மடியில். பழங்களைப் பார்க்கவில்லை. சபாபதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வா பவளம். எடு.”

விரல்கள் சற்றே அசைந்தன. நின்றுவிட்டன.

பாறைமேலிருந்து மலைக்குரங்கு ஒன்று இறங்கி வந்தது. வலப்பக்கத்துக் கொய்யாவை எடுத்தது. கடித்துக்கொண்டே போயிற்று. யாரையும் கேட்கவில்லை.

சபாபதி அந்த இடத்தில் வேறொரு பழத்தை வைத்தார். கதவுக்கு நேரே குந்தி உட்கார்ந்து, பவளத்தின் கைகளையே பார்த்தார்.

“பயப்படுது,” என்றார்.

“அப்படியா?” என்றார் சாமியம்மா.

*

மதியம் சோற்றுக்குப் பதிலாக, சாமியம்மா சபாபதியின் முன்னால் இரண்டு கொய்யாக்களை வைத்தார். எதிரே உட்கார்ந்து மோவாயில் கை ஊன்றிக்கொண்டார்.

“எடுத்துக்குங்க.”

சபாபதி கை நீட்டினார். சாமியம்மா முன்னால் குனிந்தார். அவர் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

கை பாதியில் நின்றது.

“என்ன பார்க்கறீங்க?”

“எதை எடுக்கப்போறீங்கன்னு.”

“ரெண்டும் ஒரே பழம்தானே?”

“ஆமாமா. எடுங்க.”

கை மறுபடி கிளம்பியது. சாமியம்மாவின் கண்ணும் கூடவே கிளம்பியது. எதையோ தெரிந்துகொண்டவர்போல லேசாகத் தலையை ஆட்டினார்.

கை மடிக்கே திரும்பிவிட்டது.

“ஏன், பசிக்கலையா?”

“இப்படிக் குறுகுறுன்னு பார்த்தா மனுஷன் எப்படி எடுப்பான்?”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

சட்டென்று எழுந்தார்.

“பழம்?”

அவர் நாவல் மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

*

பவளம் அதே இடத்தில் இருந்தது. அவர் முகம் தெரிந்ததும் நிமிர்ந்தது.

சபாபதி திரும்பி, கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

சாமியம்மாவும் வந்து சற்றுத் தள்ளி, அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அங்கிருந்து சாமியம்மாவுக்குக் கூண்டு தெரியும். ஆனால் அவர் கீழே கிடந்த நாவல் இலை ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தது.

ஒருமுறை பின்னால் கூண்டுப் பலகை முனகியது. சபாபதி கூப்பிட வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு சருகு நொறுங்கியது. நின்றது. மறுபடியும் நொறுங்கியது. இன்னும் கிட்டத்தில்.

கொய்யாவில் பல் இறங்கும் சத்தம்.

“திரும்பிப் பாருங்களேன்,” என்றார் சாமியம்மா, மெதுவாக. “எந்தப் பக்கத்துப் பழம்னு தெரிஞ்சுக்கலாம்.”

கழுத்து தயாராயிற்று. அதை அவர் உணர்ந்தார். தசை முறுக்கேறியது. கண்கள் முன்கூட்டியே ஓரத்துக்கு ஒதுங்கின. இத்தனை வருஷம் திரையில் பார்த்த கோடு அவருக்குள் எழும்பிக்கொண்டிருந்தது.

எழும்பி, நின்றது.

“வேணாம்,” என்றார். “தின்னட்டும்.”